ஒரு படகின் பெயரை அச்சிடுதல்



சென்ற வாரம் நான் பகிர்ந்த சிறிய நீலப் படகின் படத்தைப் பார்த்துப் பலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் படகு எந்தக் கடையில் கிடைக்கும் என்று சிலர் கேட்டீர்கள். அதன் அணியத்தில் இருக்கும் பெயரை அவ்வளவு சிறிதாக எழுதிய கை யாருடையது என்று வேறு சிலர் வினவினீர்கள். முதற் கேள்விக்கு விடை எளிது. அது எந்தக் கடையிலும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை கூறச் சற்று நீண்ட பதிவு வேண்டும். பொறுமையுள்ளவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

அந்த எழுத்துகள் தூரிகையால் எழுதப்பட்டவை அல்ல. என் அறையிலுள்ள சாதாரண மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் அச்சிட்டு, நீரில் ஊறவைத்து, படகின்மேல் வழுக்கி ஒட்டப்பட்டவை. இவ்வகை ஒட்டுப்படத்தை மாதிரியுருக் கலைஞர்கள் டெக்கல் என்பர். படியெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நம்முள் வயதில் மூத்தவர்கள் இதனைப் பெயரறியாமலே அறிவீர்கள். பழைய சைக்கிள்களின் சட்டத்தில் மின்னிய நிறுவனப் பெயர்களும், தேநீர்க் கோப்பைகளில் மலர்ந்த ரோசாப் பூக்களும் பெரும்பாலும் இம்முறையில் இடப்பட்டவையே.

இதன் அமைப்பு எளியது. அடியில் ஒரு தாள். அதன்மேல் நீரில் கரையும் பசை. அதற்கும் மேல் மிக மெல்லிய அரக்குப் படலம். அச்சு அந்தப் படலத்தின்மேல் விழுகிறது. நீரில் நனைத்தால் பசை இளகும். தாள் கீழே தங்க, படலம் மட்டும் எழுத்தோடு நழுவி வரும். நழுவியதை உரிய இடத்தில் அமர்த்தி நீரை ஒற்றி எடுத்தால், உலர்ந்தபின் எழுத்து அங்கேயே எழுதப்பட்டதுபோல் நிற்கும்.

கடையில் வாங்கும் மாதிரியுருப் பெட்டிகளில் இத்தகைய டெக்கல் தாள் ஒன்று ஏற்கெனவே இருக்கும். இத்தாலியின் கார்ட்டோகிராஃப் போன்ற அச்சகங்கள் பட்டுத்திரை முறையில் அச்சிடும் தாள்களின் கூர்மை வியக்கத்தக்கது. ஆயினும் அந்தத் தாளில் என்ன இருக்கும் என்பதைப் பெட்டியை வெளியிடும் நிறுவனமே முடிவுசெய்கிறது. பிரித்தானியப் போர்விமானத்துக்கான குறிகள் இருக்கும். செருமானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கான எண்கள் இருக்கும். உலகில் விற்பனையாகக் கூடியவை யாவும் இருக்கும். என் அயலில் வாழும் நோர்வே நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் மீன்பிடிப் படகைச் சிறு உருவில் செய்ய விரும்பினார். நோர்வேயின் மீன்பிடிப் படகுகள் மாவட்டத்துக்கு ஓரிரு எழுத்துகள், பின் ஓர் எண், பின் நகரசபைக்கு ஓரிரு எழுத்துகள் என அமைந்த பதிவுக்குறியைச் சுமப்பவை. வடகோடியான ஃபின்மார்க் மாவட்டத்துக்கு 'எஃப்' என்பது அடையாளம். பாட்டனாரின் குறி எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை. ஆகவே அவர் தாமே அச்சிடக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்தே நான் கற்றேன். இந்நாட்டின் நீண்ட குளிர்கால இரவுகள் இத்தகைய கல்விக்கு மிகவும் உகந்தவை.

நோர்வேயின் கரையோரத் தேவாலயங்கள் பலவற்றில் கூரையிலிருந்து சிறு கப்பல்கள் தொங்குவதை இங்கு வாழும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கடலோடிகளும் அவர்களுடைய குடும்பங்களும் நன்றியாகவோ நேர்ச்சையாகவோ அளித்தவை அவை. கடலை நம்பி வாழ்ந்தோர் தம் கலத்தைச் சிறிதாக்கிக் கண்முன் வைத்துக்கொள்வது ஊருக்கு ஊர் காணப்படும் வழக்கம். ஆகவே என் பங்கு மக்களுள் ஒருவரான ஓர் அக்கா ஒருநாள் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து, "சுவாமி, இதைச் சின்னதாச் செய்யேலுமோ? அம்மாவுக்கு எண்பது வருது" என்று கேட்டபோது, அந்த விருப்பம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

புகைப்படம் 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கரையில் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அத்தகைய படகுகளை உங்களிற் பலர் அறிவீர்கள். நோர்வே மக்களின் நிதியுதவியோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் கட்டிய படகுகள் நம் கரைகளெங்கும் ஓடின. இந்தப் படகு அங்கே பிறந்ததோ வேறெங்கோ, அதை அக்கா அறியார். படகின் உடல் நீலம். அணியத்தில் வெள்ளை எழுத்துகள். படகின்முன் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறாள். அந்தச் சிறுமியே இந்த அக்கா. படம் பிடித்தவர் யாரென்று தெரியவில்லை. பெயரை எழுதியவர் அவருடைய தந்தையார். ஓவியருக்குக் கொடுக்கப் பணமின்றி, எனாமல் வண்ணமும் தட்டைத் தூரிகையும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தாமே எழுதினாராம்.

1990களில் ஒருநாள் அந்தத் தந்தையார் கடலுக்குச் சென்றார். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. அடக்கம் செய்ய உடலும் இல்லை. சென்று நிற்கக் கல்லறையும் இல்லை. அவர் கையெழுத்திட்ட கடிதங்களும் இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயின. அவருடைய கையெழுத்தில் இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்தப் புகைப்படத்தில் தெரியும் படகின் பெயர் மட்டுமே.

இதைக் கேட்டபின் படகின் உடலைச் செய்வது எனக்குச் சிறிய வேலையாகத் தோன்றியது. மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, இரண்டு மாதங்களில் உடலை முடித்தேன். 24இல் ஒரு பங்கு அளவைத் தேர்ந்துகொண்டேன். அந்த அளவில் ஓர் அடி அரை அங்குலமாகும், கணக்கு எளிது. 18 அடிப் படகு 9 அங்குலமாகிறது. 6 அங்குல உயரமான எழுத்து கால் அங்குலமாகிறது, அதாவது 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். தூரிகைக் கோட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் அச்சுப்பொறியில் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றர். ஆகவே மெல்லிய கோட்டுக்கும் பதினைந்து, இருபது புள்ளிகள் கிடைக்கும். கையால் எழுத இயலாத அளவு இது. பொறிக்கோ போதுமான அளவு.

ஆனால் பொறிக்கு ஒரு குறை உண்டு. வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் அது எதையும் அச்சிடாமல் விட்டுவிடும். தாளின் வெண்மையே வெள்ளையாக நமக்குத் தெரிகிறது. ஒளி ஊடுருவும் டெக்கல் தாளில் வெள்ளை எழுத்தை அச்சிட முயன்றால் வெறும் படலந்தான் கிடைக்கும். சப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் ஒருகாலத்தில் வெள்ளை அச்சிடும் சிறிய அச்சுப்பொறிகளைச் செய்தது. மாதிரியுருக் கலைஞர்கள் அவற்றைப் பொக்கிசமாகப் பாதுகாத்தனர். இப்போது அவை உற்பத்தியில் இல்லை. ஓகேஐ நிறுவனத்தின் வெள்ளைத் தூள்மைப் பொறிகள் உண்டு. அவை வீட்டுக்கு உரிய விலையில் இல்லை.

எஞ்சும் வழி, வெண்படலமுடைய டெக்கல் தாளை வாங்கி, எழுத்தை அச்சிடாமல், எழுத்தைச் சூழ்ந்த நீலத்தை அச்சிடுவது. எழுத்துகள் அச்சின்றி வெண்மையாக எஞ்சும். இவ்வழியில் இரண்டு இடர்கள் உண்டு. அச்சிட்ட நீலமும் படகின்மேல் பூசிய நீலமும் ஒத்துப்போகாவிட்டால் பெயரைச் சுற்றி ஒரு சதுரத் தழும்பு தெரியும். வெட்டிய ஓரங்களில் தாளின் வெண்மை கோடாகத் தெரியும்.

முதலாவதற்கு நண்பர் கூறிய தீர்வு எனக்குப் பிடித்திருந்தது. வண்ணத்துக்கு ஏற்ப அச்சை மாற்றுவதைவிட அச்சுக்கு ஏற்ப வண்ணத்தைக் கலப்பது எளிது. ஆகவே படகுக்கு வண்ணம் பூசுமுன்பே நீலக் கட்டம் ஒன்றை டெக்கல் தாளில் அச்சிட்டு, காப்புப் பூச்சும் இட்டேன். பூச்சிட்டபின் நிறம் சற்று ஆழமாகும் என்பதால் பூசாத அச்சோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அந்தக் கட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து, அதற்கு இணையாக வரும்வரை வண்ணத்தைக் கலந்தேன். மார்கழியில் இங்கே பகல் வெளிச்சம் என்பது நண்பகலையொட்டிய சில மணி நேரமே. மின்விளக்கில் ஒத்திருக்கும் இரு நீலங்கள் வெளியே வந்ததும் பிணங்கிக்கொள்ளும். ஆதலால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது இடருக்குத் தீர்வு, எழுத்தைச் சுற்றி நெருக்கமாக வெட்டாமல், படகில் இயல்பாகவே ஒரு கோடு இருக்கும் இடம்வரை நீலத்தை நீட்டுவது. மேல்விளிம்பிலிருந்து பக்கவாட்டில் ஓடும் தடிப்பு வரையுள்ள அணியப் பகுதி முழுவதையும் ஒரே துண்டாக அச்சிட்டேன். ஓரம் கோட்டின்மேல் விழுவதால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சும் வெண்மையைத் தூரிகை நுனியில் எடுத்த அதே நீலம் மறைத்துவிடும்.

இவை யாவும் கைவினைச் சிக்கல்கள். பொறுமை இருந்தால் தீர்பவை. பொறுமையால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று புகைப்படத்தில் இருந்தது.

படகின் பெயர் 'அன்னை வேளாங்கண்ணி'. முதலெழுத்தாகிய 'அ' தெளிவாகத் தெரிகிறது. 'வேளாங்கண்ணி' முழுவதும் தெரிகிறது. இடையில் 'ன்', 'னை' என்னும் இரண்டு எழுத்துகளையும் சிறுமி மறைத்துக்கொண்டு நிற்கிறாள். தந்தையின் எழுத்தில் எஞ்சியிருப்பதிலும் இரண்டை மகளின் உருவமே மறைத்திருந்தது.

கணினியில் 'அன்னை' என்று தட்டி, தெரியும் எழுத்துகளையும் அழித்துவிட்டு, அழகான எழுத்துருவில் முழுப் பெயரையும் அமைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அது எந்தப் படகுக்கும் பொருந்தும் பெயராகியிருக்கும். அந்தத் தந்தையின் 'ங்' ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. 'ண்'ணின் சுழிகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகின்றன. இடம் போதாதென்று அஞ்சியவர்போல் கடைசி 'ணி'யை நெருக்கி எழுதியிருக்கிறார். இவற்றை நேராக்கினால் அக்காவின் தாயாருக்குக் கொடுக்கப்போவது என்ன? ஆகவே புகைப்படத்தை உயர்ந்த தெளிவில் வருடியெடுத்து, இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்தையும் கையால் தொடர்ந்து வரைந்தேன். அம்மென்பொருள் கோடுகளைப் புள்ளிகளாக அன்றி வடிவங்களாகச் சேமிப்பதால் எந்த அளவுக்குச் சுருக்கினாலும் ஓரம் மழுங்காது. ஏழு எழுத்துகள் கிடைத்தன. இரண்டு இல்லை.

'ன்' எழுத்தை ஓரளவு ஊகிக்கலாம். 'னை'யில்தான் இடர். நம்முள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதனை உடனே உணர்வீர்கள். முன்னாளில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் நாம் இன்று எழுதுவதுபோல் எழுதுவதில்லை. ஐகாரக் குறி தனியே முன்னால் நிற்காது. யானையின் துதிக்கைபோல் மேலெழுந்து வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். பெரியார் 1930களில் முன்வைத்த மாற்றங்களை ஏற்று, தமிழ்நாட்டு அரசு 1978இல் பதின்மூன்று எழுத்துகளின் வடிவைச் சீர்படுத்தியது. இந்த நான்கும் அவற்றுள் அடங்கும். அவ்வாணைக்கு இலங்கையில் அதிகாரம் இல்லை. நூல்களும் பத்திரிகைகளும் காலப்போக்கில் புதிய வடிவுக்கு வந்தன. பழைய வடிவம் பலருடைய கையில் நெடுங்காலம் வாழ்ந்தது. கணினியோ இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. 'னை' என்று தட்டினால் எந்த வடிவம் தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. இன்றைய எழுத்துருக்களுட் பெரும்பாலானவை புதிய வடிவையே தருகின்றன.

எனவே கேள்வி இதுதான். 1980களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணக் கரையில், ஒரு மீனவர் தம் படகில் 'அன்னை' என்று எழுதினார். துதிக்கையோடு எழுதினாரா, துதிக்கை இன்றி எழுதினாரா? இரண்டும் இயலக்கூடியவை. நானாக ஒன்றைத் தெரிந்தெடுத்தால் இறந்துபோன ஒருவரின் கையில் அவர் எழுதாத எழுத்தைத் திணித்தவனாவேன். எழுதாமல் விட்டால் படகு பெயரற்றதாகிவிடும்.

அக்காவிடம் கேட்டேன். நினைவில்லை என்றார். தாயாரிடம் கேட்பதற்கும் வழியில்லை. பரிசு அவரறியாமல் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பின்னர் வேறொன்று கேட்டேன். "நீங்கள் யாரிடம் எழுதப் பழகினீர்கள்?" பள்ளிக்குப் போகுமுன்பே தந்தையாரே மணலில் விரல்பிடித்து எழுதப் பழக்கினார் என்றார். அவ்வளவில் கேள்விகளை நிறுத்திக்கொண்டேன். தட்டைத் தூரிகையையும், கறுப்பு மையையும், ஒரு கட்டுத் தாளையும் அவர்முன் வைத்து, "படகின் பெயரைப் பத்து முறை எழுதித் தாருங்கள்" என்றேன். எந்த எழுத்தைத் தேடுகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் கை யோசிக்கத் தொடங்கிவிடும்.

அக்கா இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிபவர். அன்றாடம் எழுதுவது நோர்வேய மொழி. தமிழை விரல்நுனியால் கைபேசியில் தட்டுவதோடு சரி. முதல் இரண்டு வரிகள் தயக்கத்தோடும் இன்றைய வடிவத்திலும் வந்தன. மூன்றாவது வரியில் கை வேகங்கொண்டது. நான்காவதில் 'னை'யின் தலைக்குமேல் ஒரு துதிக்கை எழுந்து வளைந்தது. அவர் கவனிக்காமலே அடுத்த வரிக்குப் போனார். அங்கும் துதிக்கை. பத்தாவது வரிவரை அது மாறவேயில்லை. எழுதி முடித்துத் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இது அப்பா காட்டித் தந்த 'னை', சுவாமி" என்றார்.

இதை ஐயத்துக்கு இடமற்ற சான்று என்று நான் கூறவில்லை. ஆயினும் அவர் எழுதிய 'ங்' தந்தையின் எழுத்தைப் போலவே ஒருபுறம் சாய்ந்திருந்தது. 'ண்'ணின் சுழிகள் அதே முறையில் பெரிதாகிச் சென்றன. புகைப்படத்தை அவர் அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த ஒப்புமை எனக்குப் போதுமானதாக இருந்தது. மறைந்திருந்த இரண்டு எழுத்துகளையும் மகளின் கையிலிருந்தே எடுத்து, தந்தையின் ஏழு எழுத்துகளுக்கு நடுவே வைத்தேன்.

இனி, செய்து பார்க்க விரும்புவோருக்காக அச்சிடும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

அணியத்தின் வளைவு தட்டையான தாளுக்கு அடங்காது. மறைப்பு நாடாவைப் படகின்மேல் ஒட்டி, விளிம்புகளைப் பென்சிலால் குறித்து, உரித்தெடுத்துத் தாளில் பரப்பினால் அப்பகுதியின் உண்மையான வடிவம் கிடைக்கும். அந்த வடிவத்துக்குள் எழுத்தை அமையுங்கள். மறுபக்கத்துக்கு அவ்வடிவை மட்டும் கண்ணாடிபோல் திருப்ப வேண்டும்; எழுத்தைத் திருப்பலாகாது. ஒருபக்கத்தில் பெயர் அணிய நுனியில் தொடங்கும்; மறுபக்கத்தில் அணிய நுனியில் முடியும். அக்காவின் பத்து வரிகள் இங்கும் உதவின. ஒரே கை இருமுறை எழுதினால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாயிராது. ஆகவே மறுபக்கத்துக்கு வேறொரு வரியிலிருந்து அந்த இரண்டு எழுத்துகளை எடுத்தேன்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, படகில் வைத்துப் பாருங்கள். அச்சு அமைப்பில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கி, நூறு விழுக்காட்டு அளவில் அச்சிடுங்கள். இல்லையேல் உங்கள் கணக்கு யாவும் வீணாகும். டெக்கல் தாளில் மைத்தெளிப்புக்கு உரியது வேறு, லேசருக்கு உரியது வேறு. மைத்தெளிப்புத் தாளை லேசர் பொறியில் இட்டால் வெப்பத்தில் படலம் உருகிப் பொறியையே கெடுக்கலாம். ஒரு தாளில் இடமிருக்கும் அளவுக்குப் பல படிகள் அச்சிடுங்கள். ஒட்டும்போது ஒன்று கிழிந்தால் மற்றொன்று இருக்கும்.

மைத்தெளிப்பு மை பெரும்பாலும் நீரில் கரையக்கூடியது. அச்சிட்டதும் ஓரிரவு உலரவிடுங்கள். பின்னர் நிறமற்ற அக்ரிலிக் காப்புப் பூச்சை மெல்லிய புகார்போல் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். ஒவ்வொரு முறையும் காயவிடுங்கள். ஒரேயடியாகத் தடித்துத் தெளித்தால் மை கலங்கும். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

ஒட்டும் பரப்பு மினுமினுப்பாக இருத்தல் வேண்டும். மங்கிய பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் கொண்டது. படலத்தின்கீழ் காற்று சிக்கி வெள்ளிபோல் பளபளத்து, இது ஒட்டியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே வண்ணத்தின்மேல் மினுக்குப் பூச்சு, அதன்மேல் டெக்கல், யாவும் காய்ந்தபின் மங்கல் பூச்சு என்பதே ஒழுங்கு. வெட்டிய துண்டை இளஞ்சூட்டு நீரில் நனைத்து உடனே வெளியே எடுத்து, ஒரு நிமிடமளவு வைத்திருங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை முழுவதும் கழுவப்பட்டுவிடும். விரலால் மெல்லத் தொட்டு அது நகர்ந்தால், தாளோடு படகில் வைத்து, படலத்தைத் தூரிகையால் பிடித்துக்கொண்டு தாளை இழுங்கள். வளைவுகளில் படிய மைக்ரோ செட், மைக்ரோ சோல் போன்ற திரவங்கள் உதவும். வீட்டுப் படலம் எப்படி எதிர்வினை காட்டும் என்பதை உபரித் துண்டொன்றில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. இவ்வகை அச்சு நிலையானதன்று. வெயில் படும் இடத்தில் வைத்தால் சாயமை வெளிறும். படலமும் காலப்போக்கில் மஞ்சளிக்கலாம். அக்காவிடம் படகைக் கொடுத்தபோது சன்னலுக்கு அருகே வைக்க வேண்டாம் என்று கூறினேன். வரைந்த கோப்பையும் ஒரு நினைவகக் குச்சியில் இட்டு உடன் கொடுத்தேன். பெயர் வெளிறினால் பேரப்பிள்ளைகள் மீண்டும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

பிறந்தநாள் அன்று நானும் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். அம்மா படகை மடியில் வைத்துக்கொண்டார். பார்வை மங்கியவராதலால் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டார். நான் இரண்டு மாதம் உழைத்த உடலைப் பற்றியோ, சன்னலோரம் நின்று கலந்த நீலத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். 'னை'யில் நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்து, "படத்திலை இந்த இடத்திலைதானே நீ நிண்டனி. பிறகு எப்படி இது தெரிஞ்சது?" என்று கேட்டார். அக்கா தன் வலக்கையை விரித்துக் காட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தம் மடியில், படகின் அருகே வைத்துக்கொண்டார்.

அன்புக்குரியவர்களே, இப்பதிவை மாதிரியுருச் செய்வோருக்காக மட்டும் நான் எழுதவில்லை. உங்கள் பெட்டிகளில் பழைய புகைப்படங்கள் இருக்கும். அவற்றில் முகங்களையே நாம் தேடிப் பார்க்கிறோம். இம்முறை முகங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கடைப் பலகை, மாட்டுவண்டியின் பின்பலகை, வள்ளத்தின் அணியம், பேருந்தின் நெற்றி, வீட்டு வாயிலில் எழுதிய ஆண்டு ஆகியவற்றில் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. எந்தத் தொழிற்சாலையும் அவற்றைப் பெட்டியில் இட்டு விற்கப்போவதில்லை. நாம் அச்சிட்டால்தான் உண்டு.

அச்சிடும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் இரண்டு காரியங்களை இன்றே செய்யலாம். அந்தப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவிலாவது வருடியெடுத்துச் சேமியுங்கள். உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால் தூரிகையையோ தடித்த பேனாவையோ கொடுத்து, ஊர்ப் பெயரையும், தம் பெயரையும், தம் தாய் தந்தையர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது, பத்து முறை எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு வரிகளில் நம் காலத்து எழுத்து வரும். அவர்களுடைய எழுத்து அதன் பிறகுதான் வரும்.

டெக்கல் தாள், காப்புப் பூச்சு பற்றிய ஐயங்கள் இருந்தால் கீழே கேளுங்கள். அறிந்தவரை விடை தருகிறேன். உங்கள் புகைப்படங்களில் கண்ட பழைய எழுத்துகளையும் பகிருங்கள். காண ஆவலாயிருக்கிறேன்.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் அருட்பணியாளர்